ஐந்து மணிக்குள் ஒரு பெயர்

எட்டுப் பாட்டும் முடிந்துவிட்டன.
பெயர் மட்டும் பாக்கி.
கொழும்பிலிருந்து கவர் செய்கிற பெடியன்
காலையிலிருந்து மூன்று தரம் எடுத்துவிட்டான்:
"அண்ணன், அஞ்சு மணிக்குள்ள அனுப்புங்க,
பெயர்ப் பெட்டி வெறுமையாக் கிடந்தா
படிவம் மூடுதில்ல."

கல்லடியில், டயர்க்கடைக்கு மேல்,
முட்டை அட்டை ஒட்டிய தகரக்கூரை அறை.
கீழே சில்லுக்குக் காற்றடிக்கிற சத்தம்
இரண்டாம் பாட்டின் பத்தாவது செக்கனில் இருக்கிறது.
தாளமென்று நினைப்பார்கள். நினைக்கட்டும்.

முதலில் மீனைத் தூக்கி வெளியே போட்டோம்.
இந்த ஊரில் பாடுகிற மீன்
ஹோட்டல் போர்டில் இருக்கிறது, பஸ் கண்ணாடியில் இருக்கிறது,
கல்யாணக் கார்டிலும் ஒருதரம் பார்த்தேன்.
"அதுக்கும் தொண்டை நோகும் மச்சான், விடுங்க"
என்றான் றிப்னாஸ்,
குச்சியால் முழங்காலில் தட்டிக்கொண்டு.

டெல்மார் அண்ணன் பட்டியல் கொண்டுவந்திருந்தார்,
மின்சார பில்லின் பின்பக்கத்தில்:
நீலம். இரண்டாம் நீலம். அலையின் முகவரி.
கடைசியை வாசிக்கும்போது அவருக்கே சிரிப்பு வந்தது.
"போத்தலில என்ன லேபல் ஒட்டினாலும்
உள்ளுக்க இருக்கிறது அதுதானே" என்றார்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை.
பெயர், பாட்டுக்கு முன்னால் போய்க் கதவு திறக்கிற ஆள்.
அந்த ஆளின் முகத்தைப் பார்த்துத்தான்
இது கல்யாண வீடா செத்த வீடா என்று
வந்தவர் செருப்பைக் கழற்றுகிறார்.

நான்காவது பாட்டு நான் எழுதியது.
ஆஸ்பத்திரி பஸ் தரிப்பில்
ஒருத்தி என் குடையைக் கேட்டு வாங்கிப் போகிறாள்.
குடையும் வரவில்லை, அவளும் வரவில்லை.
பகிடிப் பாட்டுத்தான்.
'காணவில்லை' என்று பெயர்.
முழுசுக்கும் அதையே வைப்பம் என்றேன்.
ஒற்றைச் சொல், கறுப்பில் வெள்ளை எழுத்து,
எடுப்பாக இருக்கும்.

மைக் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த கேதாரணி
சுருட்டுவதை நிறுத்தவில்லை.
"அந்தச் சொல்லுக்கு எங்கட வீட்டில
ஒரு ஃபைல் நம்பர் இருக்கு" என்றாள்.
"தொண்ணூறாம் ஆண்டு. நான் அப்ப வயித்துக்குள்ள."
மறுகா,
வயரின் நுனியைக் கட்டிவிட்டு:
"உன்ட குடைய நான் சிரிச்சுக்கொண்டுதான் பாடினன்.
அதக் கவரில போட்டியெண்டா
எட்டுப் பாட்டையும் சனம் அழுதுகொண்டு கேக்கும்.
றிப்னாஸ்ட புரியாணிப் பாட்டையும்."

யாரும் பேசவில்லை.
கீழே ஒரு சில்லு
காற்றுக் குடித்து நிறைந்தது.

நான்கு முப்பத்தைந்து.
ஐந்தாம் பாட்டை இன்னொருக்காப் போட்டோம்,
வேறு என்ன செய்கிறதென்று தெரியாமல்.
தொடக்கத்தில், வெட்ட மறந்த இடத்தில்,
ஒரு குரல்.
மார்கழி முழுக்க, கூரையைப் பார்த்துப் பார்த்து,
ஒவ்வொரு பதிவுக்கும் முன்னம் கேதாரணி சொன்னது:
"மழை வந்தா நிப்பாட்டுவம்."

றிப்னாஸின் குச்சி நின்றது.
டெல்மார் அண்ணன் பில்லை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.
"நீளம்" என்றாள் அவள். "கவரில கொள்ளாது."
கொண்டது,
இரண்டு வரியாக.

மூன்று மாசம் கழித்து
காத்தான்குடியிலிருந்து டவுனுக்கு ஓட்டோவில் வருகிறேன்,
குடைப் பாட்டு ஓடுகிறது.
ஆரின்ட பாட்டு இது என்றேன், தெரியாதவன் மாதிரி.
"ஆரெண்டு தெரியா சேர். நல்ல பாட்டு."
சின்னத் திரையில் எங்கள் எட்டுக்கும்
அவன் வைத்த பெயர் தெரிந்தது:
புது 2.

சொல்லத்தான் வாயெடுத்தேன்.
பாலத்தில் ஏறும்போது தூறல் பிடித்தது,
ரெக்சின் கூரையில் சடசடவென்று.
அவன் கையை நீட்டிச்
சத்தத்தைக் கூட்டினான்.